பாதி மலையில் மஞ்சள் பெட்டி

என் கணவருக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பதுதான் தொழில். அது தொழிலோடு நின்றால் பரவாயில்லை. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், அந்தக் கட்டடத்து லிஃப்டின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அப்பேர்ப்பட்ட மனிதரிடம், நகரத்தின் நடுவிலுள்ள செங்குத்தான குன்றில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு கயிற்று ரயில் ஏறி இறங்குகிறது என்று யாரோ சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் தலையைத் தின்ன ஆரம்பித்தார். சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்துவிடுவோம், அப்போதாவது வாய் ஓயும் என்று நானும் கிளம்பினேன். நானும் அவரும் மகளுமாக மூன்று பேர் போவதாகத்தான் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியும் கையுமாக அவருடைய அக்கா வந்து இறங்கினாள்.

என் நாத்தனார் நல்லவள்தான். யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டாள், யாருக்காவது முடியவில்லை என்றால் முதலில் போய் நிற்பவளும் அவள்தான். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. மனசுக்குள் நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ. காலையில் அவள் காதில் விழுந்த சமாசாரம் மத்தியானத்துக்குள் சொந்தக்காரர் வீடு அத்தனையிலும் ஒலிக்கும். என் சித்தப்பா மகளுக்கு வலிப்பு வந்த கதை அப்படித்தான் ஊரைச் சுற்றியது. பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. நாத்தனார் அதற்கும் உண்மையாகவே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே இன்னும் நாலு பேருக்குப் போன் செய்தாள்.

என் மகளுக்கு எட்டு வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போடவேண்டும். போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கடகடவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். அப்படியே விட்டால் பிள்ளை கண் விழிக்கமாட்டாள். இந்த விஷயம் எங்கள் மூவருக்கும், டாக்டருக்கும், அவளுடைய வகுப்பு டீச்சருக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது வீட்டில் நான் போட்ட சட்டம். என்னைக் குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் ஒரு பெண்ணைப் பெற்று, 'அந்த வியாதிக்காரப் பொண்ணுதானே' என்று கேட்கிற சொந்தபந்தத்தோடு கொஞ்சகாலம் வாழ்ந்துவிட்டு வரட்டும்.

எனக்குத் தையல் கடை. வாலுவின் உடுப்பு எல்லாமே என் மிஷினில் தைத்ததுதான். ஒவ்வொன்றிலும் இடுப்புப் பக்கம், வெளியே தெரியாமல் ஒரு சின்னப் பை வைத்து, அதில் குளுக்கோஸ் மாத்திரை போட்டு அனுப்புவேன். அன்றைக்குப் பார்த்து நாத்தனார் ஒரு ரெடிமேட் கவுன் வாங்கி வந்திருந்தாள். அத்தை ஆசையாய் வாங்கி வந்ததைப் போடாமல் கூட்டிப் போனால் அதுவே ஒரு வாரத்துச் செய்தியாகிவிடும். போட்டுவிட்டேன். கவுனில் ஜரிகை இருந்தது, குஞ்சம் இருந்தது, பை மட்டும் இல்லை. மாத்திரை என் கைப்பைக்குள் போயிற்று. நான்தான் பக்கத்திலேயே இருக்கப்போகிறேனே, என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

கீழ் நிலையத்தில் நின்றுகொண்டே கணவர் பாடம் எடுத்தார். பெட்டிகள் இரண்டு, மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் கட்டியிருக்கின்றன. மேலே ஒரு ராட்சதச் சக்கரம், அதன் மேலாகக் கயிறு ஓடுகிறது. மஞ்சள் இறங்கினால் பச்சை ஏறும், மஞ்சள் நின்றால் பச்சையும் நிற்கும், நடுவழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒன்றையொன்று கடந்து போகும். பெட்டிக்கு ஒரு பிரேக்காரர். அவருக்கும் மேலே சக்கரத்தை ஓட்டுகிறவருக்கும் நடுவில் பேச்சுக்கு ஒரு மணி, அவ்வளவுதான். எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் இருந்தபடியே வைத்திருப்பதில் அங்கிருப்பவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை. பச்சைப் பெட்டியில் ஏறினோம். உட்காரும் பலகைகள் மாடிப்படி மாதிரி ஒன்றுக்குமேல் ஒன்றாக இருந்தன. கீழே வீட்டுக் கூரைகளும் துணி காய்கிற மொட்டை மாடிகளும் சின்னதாகிக்கொண்டே போயின. பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தது.

மேலே இறங்கியதும் கணவர் காணாமல் போனார். சக்கரம் சுற்றுகிற அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்து வேடிக்கை பார்க்க விட்டிருக்கிறார்கள். இவர் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஓட்டுகிறவரே இரக்கப்பட்டு உள்ளே கூப்பிட்டுவிட்டார். வாலு மதில் ஓரமாக மேலும் கீழும் ஓடி வேர்த்து விறுவிறுத்து வந்தாள், பசிக்கிறது என்றாள். நிலையத்தை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. இதோ மேசை காலியாகிறது, வந்து உட்காருங்கள் என்று அங்கிருந்த பையன் சொன்னான். நாத்தனாரை மேசை பிடிக்கச் சொல்லிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் வாலுவைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி ஊசியைப் போட்டேன். அவள் கவுனை இறக்கிவிட்டுக்கொண்டு அத்தையிடம் ஓடினாள். நான் ஊசியை அதற்கான டப்பாவில் போட்டு, எல்லாவற்றையும் பைக்குள் ஒளித்து, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். மேசையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

வாலுவையும் காணோம், அவள் அத்தையையும் காணோம். நாத்தனாருக்குப் போன் போட்டேன். சாவகாசமாக எடுத்தாள். மேசையைப் பெரிய கூட்டம் ஒன்று பிடித்துக்கொண்டதாம், இனிமேல் ஒருமணி நேரம் ஆகும் என்றானாம், கீழ் நிலையத்துக்கு எதிரிலேயே நல்ல கடை இருக்கிறதாம், மஞ்சள் பெட்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்று பிரேக்காரர் கூப்பிட்டாராம், ஏறிவிட்டார்களாம், நாங்கள் அடுத்த பெட்டியில் வந்தால் போதுமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே போனுக்குள் மணி இரண்டு தடவை அடித்தது. உடனே இறங்குங்கள் என்றேன். வண்டி கிளம்பிவிட்டது என்றாள்.

"அண்ணி, கீழ இறங்கினதும் முதல்ல அவளுக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் குடுத்துடுங்க."

"சாப்பாட்டு நேரத்துல என்னம்மா ஜூஸ்? அப்புறம் தட்டை வச்சுக்கிட்டு உம்முனு உக்காந்திருப்பா. எல்லாம் நீ குடுக்கிற செல்லம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வாடிக்கைக்காரர் நாலு பேரை ஒரே மூச்சில் சமாளிக்கிற வாய் இது, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கட்டிப்போட்ட மாதிரி நின்றது. கீழே போக எவ்வளவு நேரம் ஆகிவிடும், எதிரிலேயே கடை, போனதும் சாப்பிட்டுவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நான் போய்க் கணவரிடம் சொன்னேன்.

சக்கர அறையில் அவர் தொழிலாளித் தோழரைக் கண்ட சந்தோஷத்தில் நின்றிருந்தார். காதருகே போய், ஊசி போட்டாயிற்று, பிள்ளை சாப்பிடவில்லை, அக்காவோடு மஞ்சள் பெட்டியில் இறங்கிக்கொண்டிருக்கிறாள், மாத்திரை என்னிடம் இருக்கிறது என்றேன். அவர் சட்டென்று திரும்பினார். ஓட்டுகிறவரைப் பார்த்து, மஞ்சளைத் திரும்ப மேலே கொண்டுவாருங்கள் என்றார். ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டே, அது எப்படி முடியும், பச்சையிலும் ஆள் இருக்கிறார்களே என்றார். என் கணவர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. எட்டி, பலகையில் இருந்த சிவப்புக் குமிழை ஓங்கி அடித்தார்.

லிஃப்டில் அப்படித்தான் செய்வார்கள். சிவப்பை அமுக்கினால் நிற்கும், விடுவித்தால் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் ஓட்டிக்கொள்ளலாம். இருபது வருஷமாக அவர் கை அதைத்தான் செய்து பழகியிருக்கிறது. தரைக்கடியில் இருந்து ஏதோ கிறீச்சிட்டது. அந்தப் பெரிய சக்கரம் நின்றது. ஓட்டுகிறவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்ன சார் பண்ணிட்டீங்க? இது லிஃப்ட் இல்ல சார்."

அது கயிறு அறுந்தால் அமுக்குகிற குமிழாம். அமுக்கினால் இரண்டு பெட்டிக்கும் அடியில் இருக்கிற இடுக்கிகள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இங்கிருந்து விடுவிக்க முடியாது. இரண்டு பிரேக்காரர்களும் அவரவர் பெட்டித் தரையைத் திறந்து, கைப்பிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றிக் கழற்றவேண்டும். அரைமணி நேரமாவது ஆகும் என்றார். என் கணவர் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே ஏதாவது செய்திருப்பேன். அதற்கெல்லாம் நேரமில்லை. வெளியே ஓடி மதிலில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். சரிவில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மஞ்சள் பெட்டி நின்றுகொண்டிருந்தது, அதற்குள் என் குழந்தை.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். ஐயோ, ரேடியோ நேரடி ஒலிபரப்பில் இருக்கிறது. ரயில் நடுவழியில் நின்றுபோன கதையைச் சொந்தக்காரர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஓட்டுகிறவர் மஞ்சள் பெட்டிப் பிரேக்காரரின் சொந்தக் கைப்பேசிக்கு அடித்துப் பார்த்தார். அந்த ஆள் தரைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு இருந்தார் போல, எடுக்கவில்லை. மணி அடிக்கலாமா என்று கேட்டார் பாவம். ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. என் பிள்ளைக்குச் சர்க்கரை கொடு என்பதற்கு எத்தனை மணி அடிப்பார்?

தண்டவாளத்தை ஒட்டி, வேலையாட்கள் இறங்குவதற்குக் குறுகலாகப் படி இருந்தது. குறுக்கே ஒரு இரும்புக் கதவு, பூட்டியிருந்தது. செருப்பை உதறிவிட்டு ஏறிக் குதித்தேன். பின்னால் யாரோ கத்தினார்கள், யாரென்று பார்க்கவில்லை. படியா அது? பாதி கல், பாதி பாசி. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் எண்ணெய் வழிகிற கயிறு. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். வாலு எப்போது கடைசியாகச் சாப்பிட்டாள் என்று கணக்குப் போட்டேன். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, புது கவுன் சந்தோஷத்தில் பாதி வைத்துவிட்டாள். மேலே வேறு அப்படி ஓடினாள். எல்லாமே ஒரே பக்கம் போகிற கணக்காக இருந்தது. என் பின்னால் கணவர் இறங்கி வருகிற சத்தம் கேட்டது, மூச்சிரைக்க ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் திரும்பவில்லை.

அப்போது போன் அடித்தது. நாத்தனார்.

பயப்படாதே என்று ஆரம்பித்தாள். வண்டி நின்றுவிட்டது, சரிசெய்துகொண்டிருக்கிறார்கள், எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம் என்றாள். வாலு எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அவ என் மடியில தூங்கிட்டா. பாவம், இந்தப் புழுக்கத்துல குழந்தைக்கு வேர்வையான வேர்வை. கழுத்துப் பொத்தானைக் கழட்டி விட்டிருக்கேன். தூங்கட்டும், நீ எழுப்பச் சொல்லாத."

கால் அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணி, அது தூக்கம் இல்ல. அவளுக்குச் சக்கர வியாதி. மூணு வயசுலேந்து இருக்கு. இப்ப ஊசி போட்டிருக்கேன், சாப்பிடல. சக்கர இறங்குது. உடனே இனிப்பு குடுக்கலன்னா என் புள்ளை போயிடுவா அண்ணி."

ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் பேசாமல் இருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு போனை அவள் காதிலிருந்து எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. அவள் குரல் தூரத்தில், ஆனால் பெட்டியே அதிர்கிற மாதிரிக் கேட்டது. யாரிடமாவது இனிப்பு இருக்கிறதா, குழந்தைக்குச் சர்க்கரை இறங்குகிறது, மிட்டாய், கூல்டிரிங்க், எதுவானாலும் கொடுங்கள் என்றாள். யாரோ தண்ணீர் இருக்கிறது என்றார்கள். தண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அவள் சீறினாள். பலகைகள் தடதடத்தன. ஒரு ஆணின் குரல் கேக் இருக்கிறது என்றது. மேல் பலகையிலிருந்து கேக் இருந்த அட்டைப் பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்குகிறார்கள் போலிருந்தது. நான் போனுக்குள் கத்திக்கொண்டே ஓடினேன். வாயில் அப்படியே திணிக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும், க்ரீமை மட்டும் விரலில் எடுத்துக் கன்னத்துக்கு உள்பக்கம் தடவுங்கள், ஈறில் தடவுங்கள், ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"எழுந்திருடி கண்ணு. அத்தையைப் பாரு. என்னைப் பாரும்மா" என்று அவள் கெஞ்சுகிற சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பதில் வரவில்லை.

கடைசியில் எத்தனை படி வழுக்கினேன், எங்கே முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன் என்று எனக்கு நினைவில்லை. மஞ்சள் பெட்டி பக்கத்தில் வந்தது. சரிவில் நிற்கும்போது கதவைத் திறக்கமாட்டார்களாம். கிரீஸ் அப்பிய கையோடு பிரேக்காரர் எழுந்து வந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். ஜன்னல் என் தலைக்கு மேலே இருந்தது. பின்னால் வந்து சேர்ந்த கணவர் குனிந்து முதுகைக் கொடுத்தார். அதன்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன்.

நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் வாலு. பக்கத்தில் பிய்ந்த அட்டைப் பெட்டியும், பாதி எழுத்து அழிந்த ஒரு வாழ்த்துக் கேக்கும். க்ரீம் நீல நிறம். நாத்தனாரின் கை முழுக்க நீலம், அவளுடைய நல்ல புடவை முழுக்க நீலம், என் மகளின் உதட்டிலும் மோவாயிலும் நீலம். முழுங்குகிறாள், முழுங்குகிறாள் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தேன், அதையும் விரலில் தொட்டு உள்ளே தடவினாள். சோதிக்கிற கருவியை நீட்டினேன். எப்படி என்று நான் சொல்லச் சொல்ல, குழந்தையின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். எண் இன்னும் குறைவாகத்தான் இருந்தது. காத்திருந்தோம். மறுபடி குத்தினாள். ஏற ஆரம்பித்திருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாத்தனார் அப்போதுதான் அழுதாள். பெரிய சத்தமாக அழவில்லை.

"அஞ்சு வருஷமா இந்தக் குழந்தைக்கு ஊசி குத்துறீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. நான் அவளைத் தூங்கட்டும்னு தட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

சொன்னால் ஊரெல்லாம் பரவும் என்று பயந்தேன் என்றா சொல்வது, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு? மன்னிச்சுக்குங்க அண்ணி என்றேன். அவள் கேட்டாளோ என்னவோ, குழந்தையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாலு கண்ணைத் திறந்தாள். முதலில் கூரையைப் பார்த்தாள், அப்புறம் சுற்றி நின்ற முகங்களை, அப்புறம் ஜன்னலில் என்னை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போனது. பசியோ வலியோ இல்லை அது, பெற்றவளுக்குத் தெரியாதா? என் மகள் என்னைப் பார்த்துப் பயந்தாள். அத்தையின் மடியிலிருந்து எழப் பார்த்தாள், முடியவில்லை. நான் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் குனிந்தேன். மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மிகவும் சன்னமான குரலில் சொன்னாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. கை ரொம்ப நடுங்கிச்சு, அப்பவும் சொல்லல. அவங்களா கண்டுபிடிச்சிட்டாங்க."

கை நடுங்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் அத்தை இருந்திருக்கிறாள், பெட்டி நிறைய ஆட்கள் இருந்திருக்கிறார்கள், இரண்டு பலகைக்கு மேலே ஒரு கேக் இருந்திருக்கிறது. என் பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நல்ல பொண்ணுதானே நான்?" என்றாள்.

எனக்குக் கீழே என் கணவரின் முதுகு குலுங்கியது. நான் ஜன்னலில் தொங்கியபடியே அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சொல்லிடணும்டி, எல்லார்கிட்டயும் சொல்லிடணும், கத்திச் சொல்லணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. நான் நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.